ராத்திரி 11 மணிக்கு "தூங்கிட்டியா?"ன்னு மெசேஜ் வந்தா என்ன பண்றது

ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்கு இந்த மெசேஜ் நல்லாவே தெரியும். "தூங்கிட்டியா?" அவ்ளோ தான், ஒரு ஸ்மைலி கூட இருக்காது. நோட்ஸ் வேணும்னா நேரா நோட்ஸ் இருக்கான்னு கேப்பாங்க, காசு வேணும்னா கொஞ்சம் சுத்தி வளைச்சு கேப்பாங்க, ஆனா மொட்டையா "தூங்கிட்டியா"ன்னு வந்தா உள்ள வேற ஏதோ ஓடுதுன்னு அர்த்தம். நான் வேலூர்ல டிகிரி படிச்சப்போ மூணு வருஷம் ஹாஸ்டல், இப்ப அதே ஊர்ல ஒரு காலேஜ்ல கெஸ்ட் லெக்சரர், அதனால இந்த மெசேஜ நான் வாங்கியும் இருக்கேன் அனுப்பியும் இருக்கேன். மொதல்லயே சொல்லிடறேன், நான் மனநல டாக்டர் இல்ல, கெமிஸ்ட்ரி ஆளு. கொஞ்சம் படிச்சது, நிறைய சொதப்பினது, ரெண்டையும் சேத்து தான் எழுதுறேன்.

சொதப்பலயே மொதல்ல சொல்றேன்.

ரெண்டாவது வருஷம் ஆரம்பிச்ச புதுசு, ஜூன் மாசம். கத்திரி முடிஞ்சாலும் எங்க ஊர்ல சூடு போகாது, பகல் பூரா செவுரு குடிச்ச வெயில ராத்திரி தான் கக்கும், அதனால நாங்க நாலு பேரு வராண்டாவுல தண்ணி தெளிச்சு பாய் போட்டு படுத்துக்கினு இருந்தோம். அன்னிக்கி தான் ரிசல்ட். என் ரூம்மேட்டுக்கு அலைடு மேத்ஸ்ல ரெண்டு மார்க்ல போயிடுச்சு. மெசேஜ் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா, ரெண்டு பாய் தள்ளி படுத்திருக்கா, அங்கிருந்து போன்ல "தூங்கிட்டியா"ன்னு அனுப்புறா. வாய தொறந்தா அழுதுடுவோம்னு இருந்திருக்கு அவளுக்கு. எனக்கு அந்த அறிவு இல்ல. நான் அப்படியே திரும்பி படுத்து சத்தமா "ஏன்டி, ஒரு அரியர் தானே, விடுடி, எல்லாருக்கும் வர்றது தான், அடுத்த செம்ல பாத்துக்கலாம்"னு சொன்னேன். "ம்"னா. போன் லைட் அணைஞ்சுது. அந்தப் பக்கம் திரும்பி படுத்துட்டா. அதுக்கப்புறம் ஒரு பத்து நாள் பக்கெட் எங்க, சாவி எங்கன்றதுக்கு மேல என்கிட்ட பேச்சே இல்ல, எனக்கோ ஒரே கோவம், நல்லது தானே சொன்னேன்னு.

ஆயுத பூஜை லீவுக்கு அவ ஊருக்கு போனேன், பேரணாம்பட்டு பக்கம். அவங்க அம்மா பீடி சுத்துறவங்க. மடியில முறம், முறத்துல வெட்டி வெச்ச எல, தூளு, நூலு, அவங்க என்கிட்ட பேசிக்கினே தான் இருந்தாங்க, கண்ணு முறத்துக்கு போகவே இல்ல, விரல் பாட்டுக்கு சுத்தி நூல் கட்டி நுனிய மடிச்சு போட்டுக்கினே இருக்கு. ஆயிரம் பீடி முடிச்சா தான் கூலி கணக்கு. சாயங்காலம் ஆனதும் என் ரூம்மேட்டும் சாதாரணமா பக்கத்துல உக்காந்து நூல் கட்ட ஆரம்பிச்சுட்டா. அவங்க அம்மா என்ன பாத்து "எங்க பாப்பா நல்லா படிக்குதாம்மா?"ன்னு கேட்டாங்க. இவ தலைய தூக்காம அப்படியே கண்ண மட்டும் என் பக்கம் திருப்புனா. "நல்லா படிக்கிறாம்மா"ன்னேன். அந்த அரியர் வீட்டுக்கு தெரியாது. திரும்ப எக்ஸாம் ஃபீஸ் கட்டணும்னா அது எத்தனை ஆயிரம் பீடின்னு அவளுக்கு கணக்கு இருந்திருக்கு. "அடுத்த செம்ல பாத்துக்கலாம்"னு நான் சொன்னது என் வீட்டு கணக்குல, அப்பா ஜிபே பண்ணிடுவாரு.

அதனால இந்த எம்பத்தி, ஒத்துணர்வுன்னு புக்ல போடறாங்களே, அது நல்ல மனசு இருந்தா தானா வந்துடும்னு நெனைக்காதீங்க. எனக்கு நல்ல மனசு தான் இருந்துச்சு, தகவல் தான் இல்ல. அடுத்தவங்க வாழ்க்கை எப்படி ஓடுதுன்னு தெரியாம அவங்க எடத்துல இருந்து பாக்கவே முடியாது. நம்ம வடார்க்காட்டு காலேஜ் ஒவ்வொன்னுலயும் ஒரே பெஞ்சுல எத்தனை விதமான ஆளுங்கன்னு கொஞ்சம் எண்ணிப் பாருங்க. ஜவ்வாது மலையில பீஞ்சமந்தை பக்கத்துல இருந்து எறங்கி வந்து படிக்கிற பொண்ணு, ஆம்பூர் ஷூ கம்பெனில அம்மா வேல பாக்கற பையன், சித்தூர்ல இருந்து ட்ரெயின்ல வந்து போற தெலுங்கு பையன், பெங்கால் பீகார்ல இருந்து வந்து மெஸ்ல சாம்பார எதுல ஊத்திக்கணும்னு கூட யார்கிட்டயும் கேக்க தெரியாம உக்காந்திருக்கற பசங்க, பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம் படிச்சுட்டு மொத நாள் கிளாஸ்ல எல்லாமே இங்கிலீஷ்ல ஓடறத பாத்து பேனாவ மூடி வெச்சவங்க. எல்லார்கிட்டயும் ஒரே "விடுடா மச்சான்" போய் சேராது.

சரி, மெசேஜ் வந்துருச்சு. இப்ப என்ன பண்றது.

மொதல்ல ரிப்ளை. "இல்ல, முழிச்சுக்கினு தான் இருக்கேன், சொல்லு." இது போதும். "என்னாச்சு??????"ன்னு ஆறு கேள்விக்குறி போடாதீங்க, பதட்டத்துல இருக்கறவங்கள அது இன்னும் பதட்டமாக்கும். அவங்க டைப் பண்ணி அழிச்சு டைப் பண்ணி அழிச்சுக்கினு இருப்பாங்க, இருக்கட்டும், நடுவுல பூந்து இன்னொரு மெசேஜ் தள்ளாதீங்க. அதே ஹாஸ்டல்னா எழுந்து போயி பக்கத்துல உக்காருங்க, எதிர்ல இல்ல, பக்கத்துல, கண்ண பாத்து பேச முடியாதவங்க கூட ஒரே செவுத்த பாத்துக்கினு பேசிடுவாங்க. பசங்களுக்கு இது இன்னும் சரியா வரும், பைக்ல பின்னாடி உக்காந்து தான் பாதி பசங்க உண்மைய சொல்லுவானுங்க.

அப்பால ஒரு கேள்வி. எனக்கு தெரிஞ்சதுலயே இது தான் பெரிய உதவி, ஆனா கேக்கும்போது கொஞ்சம் கூச்சமா இருக்கும்: "நான் ஏதாச்சும் சொல்லணுமா, இல்ல நீ சொல்ல நான் கேட்டா போதுமா?" முக்கால்வாசி பேரு கேட்டா போதும்னு தான் சொல்லுவாங்க. சொல்லிட்டாங்கன்னா வாய மூடிக்கணும், அது தான் கஷ்டம். நமக்கு ஐடியா முட்டிக்கினு வரும். ஏன் வருதுன்னா அவங்க அழறத பாத்துக்கினு சும்மா இருக்க நம்மளால முடியல, சீக்கிரம் இத முடிச்சுட்டா நாம நிம்மதியாயிடலாம். மார்க் டேவிஸ்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1980கள்ல எம்பத்திய நாலா பிரிச்சு அளக்க ஒரு கேள்வித்தாள் பண்ணாரு, இன்னிக்கி வரைக்கும் காலேஜ் பசங்கள பத்தின ஆராய்ச்சில அத தான் நிறைய பேரு எடுக்கறாங்க. அதுல ஒன்னு அடுத்தவங்க எடத்துல இருந்து யோசிக்கறது, இன்னொன்னு அவங்க மேல அக்கறை, கதைல வர்ற ஆளுங்களுக்காக உருகறது ஒன்னு, நாலாவது தான் விஷயமே, அடுத்தவங்க கஷ்டத்த பாத்து நமக்கே உள்ள பதறறது. மத்ததும் இதுவும் ஒரே மாதிரி தெரியும், ஆனா பதறறவங்க ஒன்னு ஓடிடுவாங்க, இல்ல என்ன மாதிரி "விடுடி"ன்னு மூடிடுவாங்க. உங்க நெஞ்சு படபடன்னு அடிச்சுதுன்னா அது உங்களோடது, அத அவங்க தலைல கட்டாதீங்க.

கேக்கறதுன்னா செவுரு மாதிரி உக்காந்திருக்கறது இல்ல. அவங்க சொன்ன வார்த்தையவே எடுத்து கேளுங்க. "வீட்ல சொல்ல முடியலன்னு சொன்னல்ல, யார்கிட்ட சொல்றத நெனச்சா ரொம்ப பயமா இருக்கு?" இந்த மாதிரி. "ஏன்" போட்டு கேட்டா விசாரணை மாதிரி ஆயிடும், "எப்போலேருந்து", "அப்போ என்ன ஆச்சு" போட்டு கேட்டா கதை வரும். நடுவுல அமைதி வந்தா வரட்டும், ஃபேன் சத்தம் கேக்கட்டும்.

சொல்லவே கூடாததும் கொஞ்சம் இருக்கு. "எனக்கு கூட போன வருஷம் இதே மாதிரி"ன்னு ஆரம்பிச்சு பத்து நிமிஷம் நம்ம கதைய ஓட்டறது. "உன்ன விட கஷ்டப்படறவங்க எத்தனை பேரு இருக்காங்க", இத கேட்டு ஆறுதல் அடைஞ்ச ஒரு ஆள நான் இன்னும் பாக்கல. "வீட்ல அவ்ளோ காசு போட்டு படிக்க வெக்கறாங்க, நீ என்னடான்னா", அவங்களுக்கு தெரியாதா என்ன, அது தானே தூக்கத்த கெடுக்குது. அப்புறம் மோட்டிவேஷன் வீடியோ ஃபார்வர்டு. தயவுசெஞ்சு வேணாம்.

ஆனா "சாப்ட்டியா" கேளுங்க. நம்ம ஆளுங்க கண்டுபுடிச்சதுலயே சிறந்த கேள்வி அது. கேட்டுட்டு விட்டுடாம, இல்லன்னு சொன்னா ரெண்டு பரோட்டாவோ ஒரு பன் டீயோ வாங்கினு வந்து முன்னாடி வெச்சுடணும், அப்ப தான் அந்த கேள்விக்கு மரியாதை.

இப்ப சமாளிக்கறதுக்கு வருவோம். புக்ல இதுக்கு கோப்பிங்னு பேரு, நம்ம ஊர்ல "எப்டியோ சமாளிச்சுக்கினு இருக்கேன்"னு தினம் சொல்ற அதே வார்த்தை தான். லாசரஸ், ஃபோக்மேன்னு ரெண்டு பேரு 1984-ல எழுதினது இன்னிக்கும் அடிப்படை, ரொம்ப சிம்பிளா சொன்னா சமாளிக்கற வழி ரெண்டு வகை: பிரச்சனையவே புடிச்சு மாத்தறது ஒன்னு, பிரச்சனை நமக்குள்ள கெளப்பற வேதனைய தணிக்கறது இன்னொன்னு. எது ஒசத்தின்னு கேட்டா கேள்வியே தப்பு. மாத்தக்கூடிய விஷயத்துக்கு மொத வகை, மாத்த முடியாததுக்கு ரெண்டாவது. நாம படற பாடு பாதி இத மாத்தி போடறதால தான். ரீவேல்யுவேஷன் கடைசி தேதி நாளைக்கின்னா இன்னிக்கி பாட்டு கேட்டு மனச ஆத்திக்கினு படுத்திருப்போம், லவ் புட்டுக்கிச்சுன்னா அத எப்படியாச்சும் சரி பண்ணிடணும்னு பிளான் மேல பிளான் போட்டு அவங்க ஃப்ரெண்டுக்கு ஃப்ரெண்டு வரைக்கும் போன் பண்ணுவோம். தலைகீழா பண்ணணும்.

ஊர்லேருந்து திரும்பினதும் நானும் ரூம்மேட்டும் ஒரு வேல பண்ணோம். ரெக்கார்டு நோட்டோட கடைசி பக்கம், நடுவுல ஸ்கேல் வெச்சு ஒரு கோடு. இந்தப் பக்கம் "ஆகறது", அந்தப் பக்கம் "ஆகாதது". அவ எழுதினா. ஆகாததுல: அம்மா முதுகு வலி, மேத்ஸ் சார் குணம், அப்பா இல்லாதது. ஆகறதுல மொதல்ல ஒன்னுமே இல்லன்னா, அப்புறம் நான் சும்மா கேட்டுக்கினே இருந்ததுல ஒவ்வொன்னா வந்துச்சு. ஆன்சர் பேப்பர் ஜெராக்ஸ் கேட்டு வாங்கற தேதி போயிடுச்சு, ஆனா நவம்பர் எக்ஸாமுக்கு இன்னும் நாள் இருக்கு. டிபார்ட்மென்ட்ல ஒரு மேடம் ஃபீஸ் விஷயத்துல உதவுவாங்கன்னு சீனியர் சொன்னது ஞாபகம் வந்துச்சு. ஸ்காலர்ஷிப் ஃபார்ம்ல ஒரு சர்டிஃபிகேட் குடுக்காம விட்டுருந்தா. இன்டக்ரேஷன்ல மட்டும் தான் போச்சு, மீதி சேப்டர் நல்லா தான் வரும். பூதம் மாதிரி இருந்தது நாலு வேலையா மாறிடுச்சு. நான் அதுல ஒரு ஐடியாவும் குடுக்கல, கோடு மட்டும் தான் போட்டேன்.

இப்ப படிக்கறவங்களுக்கு ஒரு தகவல், பண விஷயம் தான் பாதி மன விஷயம்ன்றதால சொல்றேன். கவர்மென்ட் ஸ்கூல்ல 6லேருந்து 12 வரைக்கும் படிச்சுட்டு காலேஜ் வந்த பொண்ணுங்களுக்கு மாசம் 1000 ரூபா குடுக்கற புதுமைப் பெண் திட்டம் 2022-ல வந்துச்சு, பசங்களுக்கு அதே மாதிரி தமிழ்ப் புதல்வன் 2024-ல. வாங்கலன்னா ஆபீஸ்ல போய் கேளுங்க. கவுன்சிலிங்ல ஒரு மணி நேரம் பேசறத விட சில நேரம் ஒரு ஃபார்ம் நிரப்பி குடுக்கறது தான் பெரிய ஒத்துணர்வு.

ஆகாத பக்கத்துக்கு என்ன பண்றது? இதுல எனக்கு நம்பிக்கை இருக்கறது எழுதறது. பென்னிபேக்கர்னு ஒருத்தர் 1986-ல காலேஜ் ஸ்டூடண்ட்ஸ வெச்சே பண்ண பரிசோதனை, நாலு நாள் தொடர்ச்சியா தினம் 15 நிமிஷம், மனச ரொம்ப பாதிச்ச ஒன்ன பத்தி, நடந்ததையும் அப்ப தோணினதையும் சேத்து எழுத சொன்னாரு. எழுதின உடனே அவங்க மனசு இன்னும் கனமா தான் ஆச்சு, இத யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா அடுத்து வந்த மாசங்கள்ல அவங்க காலேஜ் ஹெல்த் சென்டருக்கு போறது கொறஞ்சுது. பேப்பர் எதுவா இருந்தா என்ன, கையெழுத்து பிரச்சனை இல்ல, எழுதி கிழிச்சு போட்டாலும் எழுதினது எழுதினது தான். மொத நாள் எழுதிட்டு "அய்யோ இன்னும் மோசமா இருக்கே"ன்னு நிறுத்திடாதீங்க, அப்படி தான் இருக்கும். ஆனா நாலு நாளும் தாங்க முடியாத அளவுக்கு போச்சுன்னா எழுதறத விட்டுட்டு ஆள தேடுங்க.

மத்தது வேகமா. மூச்ச உள்ள இழுக்கறத விட வெளிய விடறத நீளமா விடுங்க, நாலு எண்ணி இழுத்தா ஆறு எண்ணி விடுங்க, எக்ஸாம் ஹால் வாசல்ல நிக்கும்போது உதவும். சாயங்காலத்துக்கு மேல டீ காபிய கொறைங்க. நடங்க, காலைல கோட்டை பக்கம் போனா அகழி ஓரமா ஊரே நடந்துக்கினு இருக்கும். ரெண்டு நாள் போர்வைய போத்தி படுத்துடறது தப்பில்ல, மூணாவது வாரமும் படுத்திருந்தா தான் பாக்கணும். குடி பத்தி ஒன்னு தான், அது பிரச்சனைய மறக்க வெக்காது, காலைல வட்டியோட திருப்பி தரும்.

சிரிப்பையும் விட்டுடாதீங்க. எங்க ஊர பத்தி ஒரு பழைய கிண்டல் உண்டு, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலைன்னு. இதுல சாமி 1981-லயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு திரும்ப வந்துட்டாரு, பாலாத்துல கூட எப்பவாச்சும் வெள்ளம் வருது, ஆனா நாங்க அந்த கிண்டல விடல, வெளியூர் ஆளு சொல்றதுக்கு முன்னாடி நாங்களே சொல்லி சிரிச்சுடுவோம். சமாளிக்கறதுல அதுவும் ஒரு வகை. ஒரே ஒரு கண்டிஷன், அடிபட்டவங்க தான் மொதல்ல சிரிக்கணும். அவங்க சிரிக்காம நாம ஜோக் அடிச்சா அதுவும் "விடுடி"யோட தங்கச்சி தான்.

இனிமே சொல்றது கேக்கறவங்களுக்கு. ரூம்மேட் விஷயம் நல்லபடியா போனதுல எனக்கு ஒரு பேரு வந்துருச்சு, "அவகிட்ட சொல்லு, நல்லா கேப்பா"ன்னு. மூணாவது வருஷம் நான் எல்லாரும் வந்து கொட்டிட்டு போற எடம் ஆயிட்டேன். ஒருத்தி காதல், ஒருத்தி வீட்டு சண்டை, ஒருத்தி கூட ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒரே பையன் ஒரே மெசேஜ், அவன் போட்ட "ஓகே"ல ஒரு புள்ளி இருந்துச்சா ரெண்டு புள்ளி இருந்துச்சான்னு. ரெண்டு பேருக்குமே அது நெருக்கமா தான் இருந்துச்சு. ஆனா காலைல எழுந்தா அவளும் வாடிப்போய் இருப்பா நானும் வாடிப்போய் இருப்பேன், எங்க அம்மா போன் பண்ணா எரிஞ்சு விழுவேன், கடைசி செம்ல என் மார்க்கும் விழுந்துச்சு. அமாண்டா ரோஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 2002-ல இதுக்கு கோ-ரூமினேஷன்னு ஒரு பேரு வெச்சாங்க, அதாவது ரெண்டு பேரு சேந்து ஒரே கஷ்டத்த திருப்பி திருப்பி அசை போடறது. நட்பு இறுகுது, கூடவே மனச்சோர்வும் ஏறுதுன்னு கண்டாங்க. படிச்சப்போ யாரோ எங்க வராண்டாவ எட்டிப் பாத்து எழுதின மாதிரி இருந்துச்சு.

எப்படி தெரிஞ்சுக்கறது? பேச்சுல புதுசா ஏதாச்சும் வருதா பாருங்க. நேத்து சொன்னதே இன்னிக்கும், அதே வரிசையில, அதே வார்த்தையில வந்தா அது பேச்சு இல்ல, அசை. அப்ப நிறுத்தறது தான் அக்கறை. "இத நாம மூணு நாளா பேசறோம்டி, எனக்கும் மண்டை சுத்துது, நாளைக்கு மத்தியானம் கேன்டீன்ல உக்காந்து அந்த கோடு போட்டு பாக்கலாமா"ன்னு சொல்லலாம். மணி கணக்கும் சொல்லிடலாம், "12 மணிக்கு நான் தூங்கணும், அது வரைக்கும் உன்கூட தான்". கோச்சுக்க மாட்டாங்க, கோச்சுக்கினாலும் பரவால்ல. கேக்கறவங்க தலைக்கு மேலயே தண்ணி போயிடுச்சுன்னா அப்புறம் யார் யாருக்கு கை குடுக்கறது.

அதுக்காக "நான் எதுக்கும் ஃபீல் பண்ணவே மாட்டேன்"னு கெத்தா சுத்தற ஆளாவும் ஆயிடாதீங்க, கிளாஸுக்கு நாலு பேரு இருக்கானுங்க அப்படி. எங்க ஊர் சிஎம்சி ஆஸ்பத்திரில 1946-லேருந்து பால் பிராண்ட்னு ஒரு சர்ஜன் வேல பாத்தாரு, தொழுநோயாளிங்களுக்கு கை ஆபரேஷன் பண்ணதுல உலகத்துக்கே தெரிஞ்சவரு. விரல் போறது நோய் அரிச்சு இல்ல, வலி தெரியாததால தான்னு காட்டினவரு அவரு. சூடான பாத்திரத்த தொட்டாலும் தெரியாது, புண்ணு வந்தாலும் தெரியாது, அதே கைய வெச்சு வேல பாத்துக்கினே இருப்பாங்க, அப்படியே போயிடும். மனசு மரத்துப் போச்சுன்னு பெருமையா சொல்றவன பாத்தா எனக்கு எங்க ஊர் பக்கத்து கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி ஞாபகம் தான் வரும்.

இப்ப கொஞ்சம் நிதானமா படிக்க வேண்டிய எடம்.

பேச்சுல "நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நிம்மதி", "இன்னும் கொஞ்ச நாள் தான்" மாதிரி வந்தாலோ, ஆசையா வெச்சிருந்த பொருள எல்லாம் அடுத்தவங்களுக்கு குடுக்க ஆரம்பிச்சாலோ, அவ்ளோ நாள் அழுதவங்க திடீர்னு ரொம்ப அமைதியாயிட்டாலோ, சுத்தி வளைக்காம நேரா கேளுங்க: "சாகணும்னு தோணுதா?" கேட்டா அந்த எண்ணத்த நாமளே உண்டாக்கிடுவோமோன்னு பயப்படுவோம், அப்படி ஆகறதில்லன்னு தான் ஆராய்ச்சிகள் சொல்லுது, ஒருத்தராச்சும் கேட்டாங்களேன்னு மூச்சு விடறவங்க தான் அதிகம். ஆமான்னு சொன்னா அவங்கள தனியா விடாதீங்க, ஆபத்தானது எதுவும் கைக்கு எட்டற எடத்துல இல்லாம பாத்துக்கோங்க, வார்டனோ அண்ணனோ அம்மாவோ நம்பிக்கையான ஒரு பெரியவங்கள உடனே சேத்துக்கோங்க. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு"ன்னா பண்ணாதீங்க. "உன்ன கேலி பண்றவங்க யார்கிட்டயும் போகாது, ஆனா உன்ன காப்பாத்தறவங்ககிட்ட சொல்லுவேன்"னு சொல்லுங்க. இந்த ஒரு விஷயத்துல நட்பு போனாலும் போகட்டும்.

நம்பர் இப்பவே போன்ல போட்டு வெச்சுக்கோங்க. 14416, டெலி மானஸ்ன்ற மனநல ஹெல்ப்லைன், மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்னிக்கி ஆரம்பிச்சது, காசு கிடையாது, 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம். தமிழ்நாட்டு 104-லயும் ஆலோசனை உண்டு. ஏதாச்சும் நடந்துருச்சுன்னா யோசிக்காம 108. போலீஸ் கேஸ் ஆயிடும், படிப்பு போயிடும்னு பயந்து ஆஸ்பத்திரிக்கு கூட்டினு போகாம ரூம்லயே வெச்சு பாத்துக்கறவங்கள பத்தி கேள்விப்பட்டிருக்கேன், பண்ணிடாதீங்க. 2017 மனநல பராமரிப்பு சட்டம், முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னு தான் எடுத்துக்கணும்னும், அவங்கள தண்டிக்கறது இல்ல, சிகிச்சை குடுக்கறது தான் அரசாங்கத்தோட வேலைன்னும் சொல்லுது. சிகிச்சை விவரத்த ரகசியமா வெக்கற உரிமையும் அதே சட்டத்துல இருக்கு.

அவ்ளோ அவசரம் இல்ல, ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் சாப்பாடு எதுலயும் மனசு போகலன்னா டாக்டர பாக்கறது தான் சரி. நாங்க படிக்கும்போது "உன்ன பாகாயம் பஸ்ல ஏத்தி விடணும்"னு கிண்டல் பண்ணுவோம், சிஎம்சியோட மனநல மையம் அங்க தான் இருக்கு, அதனால. இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. காட்பாடிலேருந்து பாகாயம் போற 1, 2 நம்பர் பஸ்ல தினம் எத்தனை ஆயிரம் பேரு போறாங்க, வேலைக்கு காலேஜுக்கு கடைக்கு, அதுல ஒருத்தரா நாமளும் போய் எறங்க வேண்டியது தான், நெத்தியில எழுதியா ஒட்டி இருக்கு. அங்க ரொம்ப காலமாவே ஒரு பழக்கம் உண்டு, அட்மிட் ஆகறவங்க கூட வீட்டு ஆளு ஒருத்தர் தங்கிக்கறது, பாத்துக்கறது எப்படின்னு அவங்களும் சேந்து கத்துக்கறாங்க. காசு பிரச்சனைன்னா அடுக்கம்பாறை கவர்மென்ட் ஆஸ்பத்திரி இருக்கு, மனநல ஓபி சீட்டு போட்டு பாக்கலாம். மொத தடவ கூட நீங்களும் போங்க. ஓபி வரிசைல பக்கத்துல நின்னு வெட்டிக்கதை பேசறதுக்கு ஒரு ஆளு இருந்தா பாதி பயம் அங்கயே எறங்கிடும்.

கடைசியா, எல்லாரும் மறக்கற ஒன்னு, அடுத்த நாள். ராத்திரி மனச தொறந்து கொட்டினவங்களுக்கு காலைல ஒரு கூச்சம் வரும், அய்யோ ஏன் சொன்னோம், இவ என்ன பத்தி என்ன நெனப்பாளோன்னு. அப்ப நாம வழக்கம் போல இருந்தா அவங்க வேற மாதிரி எடுத்துக்குவாங்க, ரொம்ப பரிதாபமா பாத்தாலும் வம்பு. நான் ஒரு சின்ன மெசேஜ் போடுவேன், ராத்திரி பேசினதுல ஒரே ஒரு வேலைய மட்டும் கேட்டு, கூட சாப்பாடு விஷயம் ஏதாச்சும் ஒன்ன ஒட்டி. என் ரூம்மேட் அந்த நவம்பர்ல மேத்ஸ் பாஸ் பண்ணா, இப்ப குடியாத்தம் பக்கம் ஒரு ஸ்கூல்ல மேத்ஸ் தான் எடுக்கறா, கேட்டா சிரிப்பா. போன மாசம் ராத்திரி 11 மணிக்கு இந்த தடவ நான் தான் அவளுக்கு "தூங்கிட்டியா"ன்னு அனுப்பினேன், என் வேல விஷயமா, காண்ட்ராக்ட் முடியற நேரம். ஒரு மணி நேரம் கேட்டா, ஒரு ஐடியாவும் சொல்லல. காலைல ஏழு மணிக்கு மெசேஜ்: "அந்த அப்ளிகேஷன் இன்னிக்கி போடறியா? ஞாயித்துக்கிழமை வீட்ல பிரியாணி, கத்திரிக்கா நீ வந்து செய், நான் செஞ்சா எண்ண கக்குது."